ஆற்றுப் பாட்டுக்குள் வந்த வரத்து

இந்த ஒன்றை மட்டும் எழுதாமலே தொடரை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பல வருஷமாக மனசுக்குள் கிடக்கிற விஷயம். எழுத உட்காருவேன், முதல் வரியிலேயே பேனாவை மூடி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். சாமி காரியம் பாருங்கள். மனுஷர் விஷயத்தில் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். இதில் யாரிடம் போய்க் கேட்பது?

கடைசியில் எங்கள் கோவில் பீடத்தின் முன்னால் பூப்போட்டுப் பார்த்தேன். நந்தியாவட்டை ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் எழுதுவது, சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவது. பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. பிரித்தால் வெள்ளை.

அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்று தெரியும். விஷயத்தில் பிழை இருந்தால் அந்தச் சாமிதான் பொறுக்க வேண்டும்.

தோல் காயும் வாடை

அன்றைக்கு மத்தியானம் மடியில் சுளகு என்கிற முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தேன். முக்கூடல் பக்கத்தில் பாதி வீடுகளில் பெண்களுக்கு அதுதான் வேலை. புகையிலைத் தூள் மூக்கில் ஏறி ஏறி, எனக்கு மற்ற வாடைகள் சீக்கிரம் தெரியாது. அப்படியும் அந்த வாடை தெரிந்தது. தோலைத் தீயில் வாட்டுகிற வாடை.

சுளகைத் தள்ளிவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். என் மகள் பேச்சி, பழைய பேப்பரையும் ஓலைச் சருகையும் கொளுத்திவிட்டு, குத்தவைத்து உட்கார்ந்து மகுடத்தை அனலில் காட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மகுடம் என்பது வட்டச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய கொட்டு. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கையால் அடிப்பார்கள். தோல் தளர்ந்தால் தீயில் காட்டி முறுக்கேற்ற வேண்டும். எப்போதும் இரண்டாகத்தான் அடிப்பார்கள். ஒன்று மேலே பேசும், அது உச்சம். மற்றது அடியில் உறுமும், அது மந்தம். எங்கள் பக்கம் கொடை என்கிற கோவில் திருவிழாவில் சாமியை வரவழைக்கிறது இந்த இரண்டும்தான்.

"ஏட்டி, அப்பா எங்க இருக்காவன்னு பாத்தியா?" என்றேன்.

"ஆத்துக்குக் குளிக்கப் போயிருக்காவம்மா. போன பெறவுதான் தீய வச்சேன்."

"தட்டிராத."

"ஒத்த வெரலால தட்டிச் சுதி பாக்கேன், அவ்வளவுதான்."

"ஒத்த வெரலும் வேண்டாம்ங்கேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கத்தான் வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு, கையைத் தோலில் படாமல் எடுத்துக்கொண்டாள்.

என்னைத் தெரியாத கண்

என் வீட்டுக்காரர் பரமசிவன் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தார். அதிர்ந்து பேச மாட்டார். கடையில் மீதிச் சில்லறை கொடுக்க மறந்தால்கூடக் கேட்கக் கூச்சப்படுகிற ஆள். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவர் அவராக இருக்க மாட்டார். எங்கள் சுடலைமாடனுக்கு அவர்தான் கோமரத்தாடி. சாமி வந்து ஆடுகிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

கல்யாணமான வருஷம் கொடையில் அவர் ஆடுவதை முதன்முதலாகப் பார்த்தேன். காலையில் "செல்வி, காப்பி கொஞ்சம் சூடா குடு" என்று பைய கேட்ட மனுஷன். மத்தியானம் மகுடம் வேகம் பிடித்ததும் தீப்பந்தத்தை எடுத்து நெஞ்சில் அணைத்துக்கொண்டு என் பக்கமாக வந்தார். நான் புதுப்பெண். எல்லோரையும் போலக் கைகூப்பிக்கொண்டு நின்றேன். அவர் கண் என்மேல் பட்டது. பட்டு, என்னைத் தாண்டிப் போய்விட்டது. அந்தக் கண்ணுக்கு என்னைத் தெரியவில்லை.

நெருப்பைவிட அதுதான் என்னைப் பயப்படுத்தியது. சாமி மலையேறிய பிறகு, என் மடியில்தான் தலைவைத்துத் தண்ணீர் குடித்தார். "பயந்துட்டியாட்டி?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லவில்லை. அன்றையிலிருந்து ஒவ்வொரு கொடையிலும், போனவர் திரும்பி வருவாரா என்று காத்து நிற்பதே என் வழிபாடாகப் போயிற்று.

மலையேறுவது என்று சொன்னேன் அல்லவா, அது சாதாரண சொல் இல்லை. வரத்து என்கிற வரவழைப்புப் பாட்டைப் பாடி அழைத்த சாமியை, வழி சொல்லிப் பாடி அனுப்பிவைக்க வேண்டும். அனுப்புகிற வரைக்கும் கொட்டு நிற்கக் கூடாது. என் மாமனாரின் அண்ணன் ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு கொடையில் பெருமழை பிடித்து, கொட்டுக்காரர்கள் பாதியில் ஒதுங்கிவிட்டார்களாம். அந்த மனுஷன் அதன் பிறகு வெகுகாலம் யாரையும் அடையாளம் தெரியாமல் வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாராம். இதை எங்கள் குடும்பத்தில் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

டாக்டர் கொடுத்த லீவு

ஒரு நாள் பாய்லர் பக்கத்தில் வேலை செய்யும்போதே இவருக்கு நெஞ்சு வலி வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரத்தக் குழாயில் ஸ்பிரிங் வைத்தார்கள்.

நெஞ்சில் ஒயர் ஒட்டிச் சோதிக்க வந்த டாக்டர், பந்தம் பட்டுத் தழும்பான இடங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவரும் நம்ம பக்கத்துக்காரர்தான் போல.

"எத்தன வருஷமா ஆடுதிய?"

"எங்கப்பாவுக்குப் பெறகு நாந்தான் சார்."

"இனி கூடாது. ஒரு நாளும் கூடாது. உங்க சாமிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, பரமசிவனுக்கு நிரந்தர லீவுன்னு."

இவர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ அந்த வேகம் வந்தா இந்த நெஞ்சு தாங்காதும்மா" என்றார்.

கோமரத்தைக் கொழுந்தனார் எடுத்துக்கொண்டார். கொடை நாட்களில் இவரைக் கூட்டிக்கொண்டு நான் என் அக்காள் வீட்டுக்குப் போய்விடுவேன். கொட்டுச் சத்தம் எட்டாத தூரம். அங்கே மாடியில் உட்கார்ந்து, எங்கள் ஊர் இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். வீட்டில் சாமி பெயரையே எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். கொடை, வரத்து, கொட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்களுக்குள் ஒரே பேச்சு, "அந்தப் பாட்டு". அந்தப் பாட்டு வேண்டாம், அந்தப் பாட்டுப் பேச்சை விடு, இப்படி.

மாந்தமா, மந்தமா

இப்படிப்பட்ட வீட்டில்தான் பேச்சி மகுடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காலேஜில் படிக்கும்போது நாலு பேராகச் சேர்ந்து ஒரு இசைக்குழு ஆரம்பித்தார்கள். மேலப்பாளையத்துப் பையன் அன்சாரி கிட்டார். இசக்கிமுத்து என்கிற பையன் மந்த மகுடம், அவன் தலைமுறையாகக் கொட்டு அடிக்கிற வீட்டுப் பிள்ளை. இன்னொருவன் பெரிய டிரம்ஸ் செட்டு. பேச்சி உச்ச மகுடமும் பாட்டும். பழைய பாட்டு, புதுப் பாட்டு, ரெண்டையும் கரண்டில் போட்டு முழக்குவார்கள்.

குழுவுக்குப் பெயர் 'உச்சம் மந்தம்' என்று போனில் சொன்னபோது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

"எதுக்குட்டி மாந்தம்னு பேரு வச்சிய? பச்சப்பிள்ளைக்கு வயித்துக்குச் சேராமப் போற சீக்குல்லா அது?"

அந்தப் பக்கம் நாலு பேரும் சிரித்தது கேட்டது. அன்சாரி போனை வாங்கி, "அம்மா, எங்க பாட்டக் கேட்டா வயித்தால போவும்னு ஊர்ல பாதிப்பேர் சொல்லுதாங்க, பேரு சரியாத்தான் இருக்கு" என்றான். அன்றையிலிருந்து எனக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போயிற்று.

பெண்பிள்ளை மகுடம் அடிப்பதா என்று சொந்தத்தில் ஆளுக்கொரு பேச்சுப் பேசினார்கள். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தச் சத்தம் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் என் கவலை. பேச்சிக்கும் அது தெரியும். டவுனில் ரூம் எடுத்துத்தான் பழகுவார்கள். வீட்டுக்கு மகுடம் வந்தால் துணி சுற்றித்தான் வரும்.

விளக்கு மேல் சத்தியம்

மேலே சொன்ன அந்த மத்தியானத்துக்கு மறுநாள் சாயங்காலம், நெல்லையில் ஒரு காலேஜ் மைதானத்தில் இவர்கள் கச்சேரி. அந்த மத்தியானம் ஆற்றிலிருந்து ஈர வேட்டியோடு வந்தவர், தீ அணைந்த சாம்பலைக் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்.

"நாளைக்கு நானும் வாரேன்."

"எங்க?"

"எம்பிள்ள அடிக்கதக் கேக்க. ஊர்ல உள்ளவன்லாம் போன்ல பாத்துட்டு என்கிட்ட வந்து சொல்லுதான். பெத்தவன் ஒரு தடவ கேக்க வேண்டாமாட்டி?"

நான் சாம்பலை வாரக் குனிந்தேன். அவர் விடவில்லை. "அவிய அடிக்கது சினிமாப் பாட்டு மாதிரிதான? கிட்டாரும் டிரம்ஸுமா இருக்கும். அதுல என்ன வந்துரப் போவுது?"

அவர் கண்ணில் அப்படி ஒரு ஆசை. எத்தனை வருஷமாக நான் இந்த மனுஷனை ஒரு சத்தத்திலிருந்து ஒளித்துவைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே பாவமாக இருந்தது.

பேச்சியை உள்ளே கூப்பிட்டேன். பூஜை அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அப்பா வாராவளாம். நீ விளக்கு மேல சத்தியம் பண்ணு. அந்தப் பாட்ட எடுக்க மாட்டேன்னு."

அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. சுடருக்கு மேல் கையை வைத்து, "சத்தியமா அந்தப் பாட்டப் பாட மாட்டோம்மா. அவரு பேரே எங்க வாயில வராது, போதுமா?" என்றாள். அன்சாரிக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தாள். அவனும், "பாட மாட்டோம்மா. நீங்க தைரியமா அப்பாவக் கூட்டிட்டு வாங்க" என்றான்.

எனக்கு உயிர் வந்தது. அப்படியும் அன்று சரியாகத் தூங்கவில்லை.

மைதானம்

ஓரமாக, வெளியே போகிற வழிக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி பார்த்து உட்கார்ந்தோம். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை என் பர்ஸில். தண்ணீர் பாட்டில் கையில். கோவில் திருநீறு முந்தானை முடிச்சில். இன்னும் வெயில் முழுசாக இறங்கவில்லை. மேடைக்குப் பின்னாலிருந்து லேசாக அந்தத் தோல் வாடை வந்தது. இவர் மூக்கை உறிஞ்சினார். "காய விடுதாவ" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

முதல் பாட்டு ஆரம்பித்ததும் எனக்கு நெஞ்சுக்குள் இடி இடித்த மாதிரி இருந்தது. அத்தனை பெரிய பெட்டிகள் வைத்திருந்தார்கள். இவர் முகத்தையே பார்த்தேன். வாயெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் இருந்த ஒரு அண்ணாச்சி, "அந்தப் பிள்ள என்னமா அடிக்கு பாத்தேரா வே!" என்று இவர் தொடையில் தட்டினார்.

"எம்பிள்ளதான் வே" என்றார் இவர்.

"ஏ, நெசமாவா? அப்ப உம்ம ரத்தத்துலயும் கொட்டு இருக்கணுமே!"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கல்யாணமான புதிதில் செய்தது. எனக்குக் கொஞ்சம் பயம் விட்டுப்போயிற்று. இன்னும் இரண்டு பாட்டு போனது. பிறகு அன்சாரி மைக்கில் வந்து, இது புதுசு, நம்ம ஆத்தப் பத்தின பாட்டு என்றான். கிட்டாரை மெதுவாக இழுத்தான். பேச்சி பாட ஆரம்பித்தாள்.

மணலிருந்த எடத்துல மடு கெடக்கு,
மடுவுக்குள்ள எங்க ஊரு வீடு கெடக்கு...

நல்ல பாட்டு. சாமி பெயர் ஒன்றும் இல்லை. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தேன். குடித்துவிட்டுத் திரும்பினால், இவர் கொட்டாவி விட்டார்.

உங்களுக்கு அது தூக்கமாகத் தெரியும். கோமரத்தாடி வீட்டுப் பெண்டுகளுக்குத் தெரியும், வரத்தின் முதல் அடையாளம் அதுதான். வாய் முழுசாகத் திறந்து, அடிவயிற்றிலிருந்து வருகிற கொட்டாவி. ஒன்று, உடனே இன்னொன்று.

அப்போதுதான் என் காது கிட்டாரைத் தாண்டி அடியில் போனது. அடியில் மந்தம் உறுமிக்கொண்டிருந்தது. அதன்மேல் உச்சம் ஏறி ஏறி இறங்கியது. பாட்டு ஆற்றுப் பாட்டு. கொட்டின அடியோ சாமியை அழைக்கிற வரத்து அடி.

"அந்தப் பாட்டு" என்று நான் சொன்னது எல்லாவற்றையும் சேர்த்து. கொட்டுத்தான் முதலில், பாட்டு அதற்குமேல். பாட்டுப் படித்த என் மகளுக்கோ பாட்டு வேறு, அடி வேறு. சொல்லை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் தாளம்தானே என்று நினைத்திருக்கிறாள். அந்த அடியை வேறு பாட்டுகளில் வெளியூர் மேடைகளில் எத்தனையோ தடவை அடித்தார்களாம், ஒன்றும் நடக்கவில்லையாம், கொட்டு வீட்டு இசக்கிமுத்துவும் அதை நம்பியிருந்தானாம். அங்கெல்லாம் கூட்டத்தில் கோமரத்தாடி யாரும் இருந்திருக்க மாட்டார்.

யாரு கூப்பிட்டது

"என்னங்க, எந்திரிங்க, போவோம்" என்று கையைப் பிடித்தேன். கை கல்லாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் பெருவிரலால் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தார். முழங்கால் துடித்தது. முகத்துக்கு நேராகக் குனிந்து, "நான்தாங்க, செல்வி" என்றேன்.

அந்தக் கண் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

எழுந்தார். நடை அவர் நடை இல்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. பிள்ளைகள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து விசில் அடித்தார்கள். எல்லாக் கையிலும் போன் மேலே போனது. நான் நாற்காலிகளில் இடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினேன். "நிறுத்துங்க, நிறுத்துங்கய்யா!" என்று கத்தினேன். கத்தும்போதே எனக்குத் தெரியும், நிறுத்தினால் என்ன ஆகும் என்று. நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். டாக்டர் ஒரு பக்கம், மாமனாரின் அண்ணன் ஒரு பக்கம். நடுவில் எனக்கு வந்தது அந்த ஒரு சொல்தான்.

அன்சாரி உடனே கம்பியை அமுக்கி நிறுத்தினான். டிரம்ஸ் பையனும் நிறுத்திவிட்டான். மகுடம் இரண்டும் நிற்கவில்லை. இசக்கிமுத்து பேச்சியைப் பார்த்தான். அவள் தலையை மட்டும் அசைத்தாள், வேண்டாம், நிறுத்தாதே என்று.

"அப்பனக் கொல்லப் பாக்கியாட்டி!" என்று நான் அலறினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மைக்கை ஒதுக்கிவிட்டு, அடித்தபடியே படியில் இறங்கினாள். இசக்கிமுத்து பின்னால். இருவரும் இவர் முன்னால் போய் நின்றார்கள். இவர் சுற்றிச் சுற்றி ஆடினார். கையில் பந்தம் இல்லை, வெறுங்கை நெஞ்சில் அறைந்தது. ஒவ்வொரு அறையும் என் நெஞ்சில் விழுந்தது. அந்த ஸ்பிரிங் இருக்கிற இடம்.

திடீரென்று நின்றார். வேறு குரலில் கேட்டார்.

"யாருலே என்னக் கூப்பிட்டது?"

மைதானம் அடங்கிவிட்டது. விசில் இல்லை. மந்தம் மட்டும் மெதுவாக.

"ஏம்லே கூப்பிட்ட? என்ன வேணும்?"

பேச்சியின் உதடு நடுங்கியதைப் பார்த்தேன். கை மட்டும் நடுங்கவில்லை.

"தெரியாமக் கூப்பிட்டுட்டோம்யா" என்றாள். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். எங்கப்பாவத் தந்துட்டுப் போங்கய்யா."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். என் முந்தானை முடிச்சை அவிழ்க்கக் கை வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்து, திருநீற்றைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் நின்றேன்.

சாமியை அனுப்ப வேண்டும் என்றால் பெயர் சொல்லித்தான் பாட வேண்டும். வேறு வழி கிடையாது. விளக்கு மேல் கைவைத்து, பாட மாட்டேன் என்று சொன்ன பிள்ளை, வாயைத் திறந்து பாடினாள். மைக் இல்லாமல், தொண்டை கிழிய.

சுடலையய்யா மாடனய்யா, வந்த தடம் மறையுமுன்னே
மலை காத்துக் கெடக்குதய்யா, பைய நட எங்கய்யா...

ஒவ்வொரு அடிக்கும் ஒரு எட்டு பின்னால் வைத்தாள். அவர் அவள் கூடவே நடந்தார். கூட்டத்தை விட்டு, மைதானத்து ஓரத்தில் இருந்த வேப்பமரம் வரைக்கும் அப்படியே கூட்டிப் போனாள். அடி தணிந்து தணிந்து வந்தது. உச்சம் நின்றது. மந்தம் இன்னும் கொஞ்சம். பிறகு அதுவும் நின்றது. நான் திருநீற்றை நெற்றியில் பூசினேன். அவர் துணி மாதிரிச் சரிந்தார்.

நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தேன். அன்சாரி காரை மைதானத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சிந்துபூந்துறைப் பக்கம் ஆற்றுக் காற்று அடித்தது. அப்போது கண்ணைத் திறந்து, "செல்வி, தண்ணி" என்றார்.

அந்த மாதிரி ஒரு சொல்லை நான் என் ஆயுசில் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரி வராந்தா

துடிப்பு சரியாக இருக்கிறது, ஆனாலும் இருந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அன்சாரி கையில் இவர் செருப்பு இரண்டும் இருந்தது. எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. இசக்கிமுத்து மட்டும் சுவரைப் பார்த்து நின்றான். பேச்சியின் உள்ளங்கை இரண்டும் வீங்கிப் பழுத்திருந்தன.

"சத்தியத்த மீறிட்டேம்மா" என்றாள்.

நான் அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் விளக்கை ஏற்றி, அந்தச் சுடரிடம் சொன்னேன். சத்தியம் கேட்டு வாங்கினவள் நான். அதற்குத் தண்டனை ஏதாவது உண்டென்றால் என்மேல் வை, பிள்ளையை விட்டுவிடு. அன்றிலிருந்து தினமும் விளக்கேற்றும்போது இதைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

குழு இன்னும் இருக்கிறது. ஆற்றுப் பாட்டையும் பாடுகிறார்கள், வேறு அடியில். இவரும் இருக்கிறார். மாடனய்யா தந்துவிட்டுத்தான் போனார்.

வெட்டாதீர்கள்

பயம் விட்டதா என்று கேட்டால், இல்லை. அதற்குக் காரணம் அந்தப் போன்கள்.

அன்றைக்குக் கூட்டத்தில் எடுத்த வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. துபாயில் இருக்கிற என் தம்பி மகன் அனுப்பித்தான் நானே பார்த்தேன். இவர் எழுவது, நடப்பது, ஆடுவது, "யாருலே என்னக் கூப்பிட்டது?" என்று கேட்பது. அதோடு முடிந்துவிடுகிறது. பிள்ளை பதில் சொன்னது இல்லை. பாடியது இல்லை. வேப்பமரம் இல்லை. அவர் மலையேறவே இல்லை. கீழே ஒருவர், காசுக்கு நடித்த ஆள் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், சாமியை விளையாட்டாக அழைத்த குழு நாசமாகும் என்று எழுதியிருந்தார். அந்தப் பேச்சுகூட எனக்குப் பெரிதில்லை.

எனக்கு உள்ளது வேறு பயம். பேதைமை என்று நீங்கள் சிரிக்கலாம். எந்த ஊரிலோ யாரோ அந்த வீடியோவைப் போடுகிறார்கள். வரத்து அடி முழுசாகக் கேட்கிறது. அழைக்கிறது. பாதியில் நின்றுவிடுகிறது. திரும்பப் போடுகிறார்கள். திரும்ப அழைக்கிறது. அனுப்பத்தான் ஆள் இல்லை. இவர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது வாய் திறந்து கொட்டாவி விட்டால், நான் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அவர் காலைப் பார்க்கிறேன். பெருவிரல் சும்மா இருக்கிறதா என்று. "என்னட்டி பாக்க, தூக்கம் வருது" என்பார். தூக்கமாகத்தான் இருக்கும். இருந்தாலும் அவர் அயர்ந்து கண்ணை மூடுகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அதனால் இதைப் படிக்கிற அண்ணன்மார், அக்கா தங்கச்சிமாரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நீங்கள் யாரிடம் சொன்னாலும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். ருசியாக இருக்கிற இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். சாமி வந்தது என்பதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு பிள்ளை தன் சத்தியத்தை உடைத்து, பெயர் சொல்லிப் பாடி, பைய நடத்திக் கூட்டிப்போய், அவரை மலையேற்றினாள் என்பது வரைக்கும் சொல்லி முடியுங்கள்.